கலப்படமில்லாத வாக்குமூலம்

அத்தியாயம் 4

எலினா விசாரணை நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஒரு நாய் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். துப்பறியும் தொழிலுக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று பலகை எழுதியவர் தன் சொந்த யோசனையில் சேர்த்துவிட்ட படம். ஊரோ நாய்க்குப் பேர்போன ராஜபாளையம் ஆயிற்றே, சும்மா விடுவார்களா? வாரம் தவறாமல் யாராவது படியேறி வந்து, ஆண் குட்டி என்ன விலை, பெண் குட்டி என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். விசாரணை நிலையத்தில் நடந்த விசாரணைகளில் பெரும்பகுதி இதுதான்.

ஆகவே, அன்று காலை வெள்ளை உடுப்பில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியேறி வந்தபோது, உதவியாளன் கௌதம்ராஜ் தலையைத் தூக்காமலே, "குட்டி ஸ்டாக் இல்லீங்க" என்றான்.

"எனக்கு நாய் வேண்டாம். வேலை வேணும்."

"அதுவும் ஸ்டாக் இல்லீங்க. இருக்கிற ஒரு வேலைக்கே எனக்குச் சம்பளம் வார மாதிரி தெரியல."

"ஏலே, வாயை மூடிட்டு அந்தப் புள்ளைக்கு நாற்காலி எடுத்துப் போடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே எலினா வந்தாள்.

எலினா பத்து வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள். யாரைப் பார்த்தாலும் முதலில் நகத்தின் நிறம், அப்புறம் கால் வீக்கம், நேரமிருந்தால் முகம் என்றுதான் பார்ப்பாள். இந்தப் பழக்கத்தை மட்டும் முதலாகப் போட்டு மாப்பிள்ளை விசாரணைத் தொழிலில் இறங்கினாள். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளைகள் பலருக்கு, அவள் விரல்களைப் பார்த்த பார்வையிலேயே கல்யாணம் நின்றிருக்கிறது.

கௌதம்ராஜ் பி.பார்ம் படித்தவன். படித்துக்கொண்டே இருப்பவன் என்பது இன்னும் சரி. மற்றப் பாடங்களெல்லாம் அவனை விட்டுப் போய்விட்டன. மருந்துகளின் குணம் சொல்லும் பார்மகாலஜி மட்டும் பிரிய மனமில்லாமல் வருஷா வருஷம் அவனோடு தங்கிவிட்டது.

வந்தவள் பெயர் எப்சி. டாக்டர் கிளாட்வின் நர்சிங் ஹோமில் நர்ஸ். கீழே பேண்டேஜ் துணி யூனிட்டில் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அழ வேண்டியிருந்ததால், அவள் அழுகை சீக்கிரமே முடிந்துவிட்டது.

"குருவம்மாள்னு ஒரு ஆச்சி, அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். சிறுநீரகத்துல கிருமி, குளிர்காய்ச்சலோட தூக்கிட்டு வந்தாவ. முதல்ல சிப்ரோ ஊசி போட்டோம். காய்ச்சல் இறங்கிருச்சு. பொறவு டாக்டர் அதே மருந்தை மாத்திரையா மாத்துனாரு. மாத்திரைக்கு மாறுனதும் காய்ச்சல் திரும்ப ஏறிருச்சு."

"கல்ச்சர் ரிப்போர்ட்?"

"கிருமி இந்த மருந்துக்கு அடங்கும்னுதான் வந்திருக்கு. அதனாலதான்க்கா வம்பே. அடங்குற மருந்தைக் குடுத்தும் அடங்கலைன்னா, குடுத்தவ குடுக்கலைன்னுதான அர்த்தம்? ஆச்சி மகன் பொன்னுராஜ், பால்கோவா கடை வச்சிருக்காரு. நல்ல மாத்திரையை நான் வெளிய வித்துட்டு, சுண்ணாம்புக் கட்டியைக் குடுக்கேன்னு வார்டுல நின்னு கத்துதாரு. நீயே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்காரு டாக்டர். இல்லைன்னா இன்னிக்குச் சாயங்காலம் பொன்னுராஜ் போலீசுக்குப் போறாராம். கேஸுன்னு ஆயிட்டா நர்சிங் கவுன்சில்ல என் பதிவையே எடுத்துருவாங்க. அதுக்குப் பொறவு ஆயுசுக்கும் நான் ஒருத்தருக்கு ஊசி போட முடியாது."

"சாயங்காலத்துக்குள்ள" என்றாள் எலினா. "திருடுனியா?"

"இல்லக்கா."

"திருடுற ஆளு ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஊசியைத் திருடுவா. அதுதான் விலை. சிப்ரோவைத் திருடி வித்துப் பொழைக்கணும்னா அதுக்கு நம்ம தொழிலே மேல்." எலினா ஸ்கூட்டிச் சாவியை எடுத்தாள். "ஆச்சிக்கு வேற என்னென்ன மாத்திரை போவுது?"

"பி.பி.க்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு."

"பி.பி. எப்படி இருக்கு?"

"கட்டுக்குள்ள இருக்கு. அது நாடியைக் குறைக்கிற வகை மாத்திரைக்கா. நாடி பார்க்காமக் குடுக்க மாட்டேன். அறுபதுக்குக் கீழ போனா மாத்திரையை நிறுத்தி வச்சுட்டு டாக்டர்ட்ட சொல்லணும்."

எலினா கௌதம்ராஜைப் பார்த்தாள். "ஒரே கை, ஒரே டிரே. ரெண்டு மாத்திரை வேலை பார்க்குது. ஒண்ணு மட்டும் பார்க்கல."

"யூனியன்ல சேர்ந்திருக்கும்" என்றான் கௌதம்ராஜ்.

*

டாக்டர் கிளாட்வின் தன் அறையில், யாரையும் பகைத்துக்கொள்ளாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "அந்தப் பிள்ளை மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பொன்னுராஜ் வாபஸ் வாங்கிட்டா எனக்கும் ஒண்ணும் இல்லை. அவர் போலீசுக்குப் போனா நானும் வருத்தத்தோட கூடப் போவேன்" என்றார். மேஜையில் ஒரு பால்கோவா டப்பா பாதி தீர்ந்த நிலையில் திறந்திருந்தது.

"எங்க தொழில்ல அஞ்சு சரி உண்டு" என்று எலினா வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னாள். "சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். டிரேயைத் தூக்குற ஒவ்வொரு நர்ஸும் மனசுக்குள்ள சொல்லிக்கிடணும். களவாணியைப் பிடிக்கவும் இது போதும்."

"போலீசுக்குச் சொல்லிக் குடுங்க. அவிய 'சரியான ஆளு' வரைக்கும் வந்தாலே நாடு உருப்பட்டுரும்."

வார்டில் எலினா எப்சியைக் கட்டில் கட்டிலாக நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

இதயத்துக்காரருக்கு நீர் பிரியும் மாத்திரை எப்போது? "காலையிலதான்க்கா. ராத்திரி குடுத்தா மனுஷன் விடிய விடிய பாத்ரூமுக்கு நடப்பாரு. தலை சுத்தி விழுந்தா அது வேற கேஸு."

சர்க்கரைக்காரருக்கு இன்சுலின்? "இட்லிப் பொட்டலம் பிரிச்சு அவரு முன்னால இருக்கான்னு கண்ணால பார்ப்பேன். 'பையன் வாங்கப் போயிருக்கான்'னா ஊசியை எடுக்க மாட்டேன். பையன் போற வழியில யாரையாவது பார்த்துப் பேசிட்டு நிப்பான்."

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வாங்குகிறவருக்கு? "பல் ஈறுல ரத்தம் வருதான்னு தினம் கேட்பேன். பிளேடு ஷேவிங் கூடாதுன்னுட்டேன். அதான் அவரு தாடியோட இருக்காரு, சாமியாராப் போகல."

கௌதம்ராஜ் ஓசைப்படாமல் உள்ளங்கையில் குறித்துக்கொண்டே வந்தான். இதில் இரண்டு கேள்விகள் போன தடவை பரீட்சைக்கு வந்தவை. அவை என்னவோ வெளிநாட்டுச் சங்கதிகள் என்று நினைத்து விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஆள், மருந்து, அளவு, மூணும் இவகிட்ட தப்பாது" என்றாள் எலினா. "மிச்சம் ரெண்டு. உடம்புக்குள்ள போற வழியும் நேரமும்."

கடைசிக் கட்டிலில் குருவம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் கண்ணில் மட்டும் இருந்தது, வாய்க்கு ஏறவில்லை. "வா தாயி. இந்தப் பையன் யாரு, உன் தம்பியா? ஆளு காத்தடிச்சா பறந்துருவான் போல இருக்கானே" என்று வரவேற்றாள்.

பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருந்தது. "காலையில மாத்திரையோட வச்ச தண்ணி. குறையவே இல்லையே" என்று எலினா முணுமுணுத்தாள்.

கௌதம்ராஜுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அவளைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனான். "அக்கா, கண்டுபிடிச்சுட்டேன். ஆச்சியோட பல்லைப் பாருங்க, காவிக்கட்டி. வெத்தலை போடுறாவ. வெத்தலையில சுண்ணாம்பு. சுண்ணாம்பு மாத்திரையை மறிக்குது. பொன்னுராஜ் சொன்னதும் சுண்ணாம்புதான். கேஸ் முடிஞ்சது. டீ குடிக்கலாமா?"

எலினா திரும்பிப் போய், "ஆச்சி, நாக்கை நீட்டுங்க" என்றாள்.

நாக்கு வெளுத்துக் கிடந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"வந்த அன்னைக்கே டாக்டரு வெத்தலையையும் போயிலையையும் பிடுங்கிட்டாரு தாயி. வெறும் வாயி பாழடைஞ்ச வீடு மாதிரி கெடக்கு" என்றாள் குருவம்மாள்.

கௌதம்ராஜ் டீ யோசனையைத் தள்ளி வைத்தான். ஆனால் எலினா அவனை ஏளனமாகப் பார்க்கவில்லை. பாதி சரியான விடை எழுதியவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"போயிலைன்னா, எங்க வச்சுக்கிடுவீய ஆச்சி?"

"கடவாயிலதான். ஒரு உருண்டையை ஒதுக்கிட்டேன்னா, நாள் பூராப் பேசுவேன். எதிர்ல இருக்கவனுக்கு வாயில இருக்கதே தெரியாது. என் மாமியாருக்கே கடைசி வரைக்கும் தெரியாது."

எலினா எப்சியிடம் ஒரு சத்து மாத்திரை வாங்கினாள். சிப்ரோ அளவுக்குப் பெரியது. "ஆச்சி, இதையும் டாக்டர் குடுக்கச் சொன்னாரு."

குருவம்மாள் வாங்கி வாயில் போட்டாள். டம்ளரை உதட்டில் ஒட்டி எடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"பார்த்தீங்களாக்கா? தினமும் இப்படித்தான், என் கண்ணு முன்னாலதான் முழுங்குதாவ" என்றாள் எப்சி. மாத்திரையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவது எந்த நர்ஸும் செய்யக் கூடாத காரியம். எப்சி அதைச் செய்ததில்லை.

குருவம்மாள் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பொன்னுராஜ் மாதிரி ஒரு பிள்ளை தென்காசி வரைக்கும் தேடினாலும் கிடைக்காது, தினமும் வருகிறான், காலைப் பிடித்துவிடுகிறான், அம்மாவுக்கு என்றால் உயிரையே கொடுப்பான். செத்த நேரம் கேட்டுவிட்டு, எலினா விடைபெற்றாள். மூவரும் வெளியே வந்தார்கள். கதவுத் திரை இடுக்கில் கௌதம்ராஜை நிறுத்தி, "பாரு" என்றாள்.

கௌதம்ராஜ் பார்த்தான்.

குருவம்மாள் வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். கடைவாயில் ஆள்காட்டி விரலை விட்டு, சுருக்குப் பையில் சில்லறை எடுக்கிற லாவகத்தோடு அந்த மாத்திரையை வெளியே எடுத்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஓர் அட்டை டப்பா வந்தது. பின்னாலேயே ஒரு வரிசை எறும்பும் வந்தது. டப்பாவிலிருந்து பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குப் பால்கோவாவைக் கிள்ளி, மாத்திரையை நடுவில் வைத்துப் பொதிந்து, வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எலினா திரையை விலக்கினாள். "ஆச்சி."

குருவம்மாள் டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடினாள். எறும்புகளை மூட முடியவில்லை.

"கசக்குது தாயி" என்றாள் குற்றவாளி. "சின்ன மாத்திரை ரெண்டையும் எச்சியிலயே முழுங்கிருவேன். இந்தப் பெரிசு மட்டும் தொண்டையில நின்னு கசக்குது. பொன்னுராசு சின்னப் புள்ளையில மருந்து குடிக்க மாட்டான், நான் கோவாவுல பொதிஞ்சு குடுப்பேன். இப்ப அவந்தான் சொன்னான், 'கசந்தா இதுல வச்சு முழுங்கும்மா'ன்னு. டப்பா தீரத் தீரக் கொண்டாந்து வச்சுட்டுப் போறான்." எப்சியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, நீ மனசுல வச்சுக்கிடாத. உன் முன்னால முகம் சுளிச்சா நீ வருத்தப்படுவியேன்னுதான் ஒளிச்சேன்."

எப்சிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தான் வருத்தப்படக் கூடாது என்று ஆச்சி ஒளித்ததில்தான் அவள் போலீஸ் வரைக்கும் போக இருந்தாள்.

"வாயைத் திறக்கச் சொன்ன, சரி. நாக்கைத் தூக்கச் சொல்லிக் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்தியா?" என்று எலினா அவளிடம் கேட்டாள். எப்சி தலையைக் குனிந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் கௌதம்ராஜ், "எனக்கு ஒண்ணு விளங்கல. ஒளிச்சாலும் ஆச்சி மாத்திரையைத் துப்பலியே! கோவாவுல வச்சாவது முழுங்கிருதாவ. உள்ளதான போகுது? அப்ப கேஸு நின்ன இடத்துலதான நிக்குது?" என்றான்.

"உனக்கு எந்தப் பேப்பர்லலே அரியர்?"

"பார்மகாலஜி."

"தெரியுது."

எலினா உள்ளே போய் ஆச்சியிடம் அந்த டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கௌதம்ராஜ் எப்சியிடம் சொல்லிவிட்டு, கட்டுப் போடும் டிரேயிலிருந்து அயோடின் குப்பி ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அது எதுக்குலே?"

"பள்ளிக்கூடத்துல நான் ஒழுங்காச் செஞ்ச சோதனை ஒண்ணே ஒண்ணு. அதுக்கு இதுதான் வேணும். ஒரு நப்பாசைதான்க்கா."

*

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் பொன்னுராஜின் கடை. மதுரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு கூட்டம் கல்லாவை மொய்த்துக்கொண்டிருந்தது. பொன்னுராஜ் தராசில் நின்றார். அகலமான ஆள், நெற்றியில் திருநீறு, பால்கோவா வாசனையிலேயே ஊறிய சட்டை. ஒரு கையால் டப்பா கட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனில், "சாயங்காலம் வாரேன் ஏட்டையா, அந்த நர்ஸ் விஷயம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கௌதம்ராஜ் கால் கிலோ வாங்கினான். எலினா வரிசையில் எல்லாருக்கும் கேட்கிற குரலில், பணிவாக, "அண்ணாச்சி, மதுரையில சிலர் சொல்லுதாங்க, இப்பல்லாம் பால்கோவாவுல மைதா கலக்காங்கன்னு. நம்ம கடையில...?" என்றாள்.

வரிசையில் ஒருவர் நீட்டிய பணத்தைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பொன்னுராஜ் தராசைக் கீழே வைத்தார். வலது கையை நெஞ்சில் வைத்தார். "அம்மா, கோயில் கோபுரம் தெரியிற இடத்துல நின்னு சொல்லுதேன். பாலு, சீனி. மூணாவது சரக்கு இந்தக் கடை வாசப்படி ஏறாது. அஞ்சு லிட்டர் பாலு சுண்டிச் சுண்டி இம்புட்டா ஆவும். கெட்டிப் பாலு தவிர வேற ஒண்ணும் கிடையாது!"

கூட்டத்தில் ஒருவர், "அப்படிச் சொல்லுங்க" என்றார். இன்னொருவர் அரைக் கிலோவை ஒரு கிலோவாக மாற்றினார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் எலினா. "அப்ப உங்கம்மா காய்ச்சலுக்குக் காரணம் நீங்கதான்."

கூட்டம் மதுரை பஸ்ஸை மறந்தது.

எலினா பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துத் தராசின் பக்கத்தில் வைத்தாள். "சிப்ரோ மாத்திரையைப் பாலோட குடுக்கக் கூடாது. தயிர் கூடாது, சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கூடாது. பால்ல இருக்க சுண்ணாம்புச் சத்து, மருந்தை வயித்துலயே கட்டிப் பிடிச்சுக்கிடும். ரத்தத்துக்குப் போக விடாது. வெறும் தண்ணியிலதான் குடுக்கணும், பாலுக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேணும். ஊசியில போனப்ப காய்ச்சல் இறங்குச்சு, ஏன்? ஊசிக்கு வயித்து வழி கிடையாது. மாத்திரையில ஏன் ஏறுச்சு? ஒரு டம்ளர் பாலுக்கே அது பாதி சோர்ந்துரும். நீங்க அஞ்சு லிட்டரைச் சுண்ட வச்சு, காலையும் ராத்திரியும் பொதிஞ்சு குடுத்திருக்கீங்க. நீங்க சொன்னது உண்மைதான் அண்ணாச்சி, எல்லாம் சுண்ணாம்பு வேலைதான். ஆனா அது நர்ஸ் கையில இல்ல, உங்க டப்பாவுல இருந்திருக்கு."

கௌதம்ராஜின் மூளைக்குள் எங்கேயோ ஒரு வினாத்தாள் படபடத்தது. போன தடவை பத்து மார்க் கேள்வி. அவன் அதற்கு 'நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தான்.

பொன்னுராஜின் முகத்தில் திருநீறு மட்டும் அசையாமல் இருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளே முந்திரித் தோடு எரிகிற அடுப்பில், பெரிய இரும்புச் சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பு போட்டுக் கிண்டுகிற முத்துப்பேச்சி என்ற பெண்ணை, பொன்னுராஜ் கண்ணைக் காட்டி வெளியே அனுப்பினார். அவள் போகிற போக்கில் மூலையில் இருந்த ஒரு மூட்டையின் மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போனாள். நீண்ட நாள் பழக்கம் தெரிந்தது.

"மேடம்" என்று பொன்னுராஜின் குரல் இறங்கியது. "நீங்க சொல்லுதது ஒத்து வராது. பாலுதான் மருந்தைக் கெடுக்கும்னா என் கோவா கெடுக்க முடியாது. அதுல... அம்புட்டும் பால் இல்ல."

"எம்புட்டுப் பால்?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் மைதா. ஊரு உலகத்துல எல்லாவனும் கலக்குறதுதான். அதனால நான் அம்மாவை ஒண்ணும் செய்யல. அந்த நர்ஸுதான்."

கௌதம்ராஜ் மலைத்துப் போனான். ஒரு மனுஷன் தான் நிரபராதி என்று நிரூபிக்க இவ்வளவு சந்தோஷமாகத் தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதை அவன் இப்போதுதான் பார்க்கிறான். ஆனால் வாதம் சரி. பால் குறைவென்றால் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. எலினாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது.

சட்டைப் பையில் அயோடின் குப்பி உறுத்தியது.

"அக்கா, ஒரு நிமிஷம்." கௌதம்ராஜ், கடையில் வாங்கிய கால் கிலோவைப் பிரித்து ஒரு துண்டைத் தட்டில் வைத்தான். குருவம்மாளின் டப்பாவிலிருந்து ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்தான். "மாவு இருந்தா அயோடின் நீலமாகும். இல்லைன்னா பழுப்பாவே நிக்கும். எட்டாம் வகுப்புச் சோதனை. அதுல மட்டும் நான் புலி."

கடைத் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டான். கண் முன்னாலேயே அது கருநீலமாக மாறியது, மழைக்கு முந்தின மேகம் மாதிரி.

"நாந்தான் ஒத்துக்கிட்டேனே" என்றார் பொன்னுராஜ்.

ஆச்சியின் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டான்.

பழுப்பு. அப்படியே பழுப்பு. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டியில் பால் தளதளத்தது. பழுப்பு மாறவே இல்லை.

எலினாவின் முகத்துச் சுருக்கம் போய்விட்டது. "அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. "இது யாருக்குச் செஞ்சது?"

பொன்னுராஜ் துடுப்பை எடுத்துச் சட்டியை இரண்டு சுற்றுக் கிண்டினார். பால் அடிப்பிடிக்கும் என்று அல்ல.

"அம்மாவுக்கு மட்டும் தனியாக் காய்ச்சுவேன்" என்றார். "என் கையால. அதுல ஒரு பொட்டு மாவு சேர்க்க மாட்டேன். பெத்தவளுக்குப் போய் யாராவது கலப்படம் குடுப்பானா மேடம்?"

கௌதம்ராஜ் குப்பியை மூடினான். இதற்கு மேல் கேலி செய்ய எதுவும் மிச்சமில்லை. ஊருக்கு விற்றதையே அம்மாவுக்கும் கொடுத்திருந்தால் காய்ச்சல் இவ்வளவு தூரம் திரும்பி ஏறியிருக்காது. இந்தக் கடையில் கலப்படமில்லாமல் தயாரான ஒரே சரக்கு அந்த டப்பாதான். ஆச்சியின் மருந்தை மறித்ததும் அதேதான்.

எலினா அவர் கையிலிருந்து துடுப்பை வாங்கி வைத்துவிட்டு, போனை நீட்டினாள். "டாக்டரைக் கூப்பிடுங்க. நர்ஸ் மேல தப்பு இல்லைன்னு நீங்களே சொல்லுங்க. பொறவு ஏட்டையாவையும் கூப்பிடுங்க. வரலைன்னு சொல்லிருங்க."

"வெளிய நிக்கிற கூட்டத்துக்கு என்ன சொல்ல?"

"அது உங்க தொழில். எங்க கேஸு நர்ஸோட முடிஞ்சது." கதவைத் திறக்கப் போனவள் நின்றாள். "ஆனா அந்த மூட்டையை வெளிய தூக்குறது நல்லது. இந்தத் தம்பிக்கு இப்ப ஒரு சோதனை பாஸாயிருச்சு. இனிமே எங்க போனாலும் குப்பியோடதான் அலைவான்."

*

டாக்டர் கிளாட்வின், "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொன்னார். எப்போது நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. வார்டு வாசலில் பால்கோவா கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகை தொங்கியது. அவர் மேஜை டப்பா மட்டும் விதிவிலக்காகத் தொடர்ந்தது.

குருவம்மாளுக்கு மறுபடியும் ஊசி ஆரம்பித்தது. காய்ச்சல் இறங்கியதும் மாத்திரைக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை வெறும் தண்ணீர். எலினாவும் கௌதம்ராஜும் பார்க்கப் போன மாலை, எப்சி வெள்ளை உடுப்பில், கையில் டார்ச்சோடு கட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"நாக்கைத் தூக்குங்க ஆச்சி. இந்தக் கன்னம். அந்தக் கன்னம். ம், நல்லா ஒதுக்குங்க."

"ஏட்டி, என் மாமியாரே இப்படிச் சோதிக்கல" என்றாள் குருவம்மாள், வாயைப் பிளந்தபடியே. அன்று அவள் உடம்பில் சூடு இல்லை. டம்ளரில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

அப்போது பொன்னுராஜ் உள்ளே வந்தார். வாசலில் தொங்கிய பலகையை மதித்து, கையிலிருந்த டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தார். எப்சியின் முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பா. நான் வார்டுல நின்னு பேசுனது தப்பு. நாலு பேரு முன்னால சொன்னேன், நாலு பேரு முன்னாலயே சொல்லுதேன். மன்னிச்சுக்கோ." டப்பாவை நீட்டினார். "இது உனக்கு. எங்கம்மாவுக்குச் செய்யிற மாதிரியே செஞ்சது."

எப்சி சங்கடத்தோடு எலினாவைப் பார்த்தாள். எலினா, வாங்கிக்கொள் என்று தலையாட்டினாள். எப்சி கையை நீட்டினாள்.

கௌதம்ராஜ் முகத்தில் ஒரு பாவமும் காட்டாமல் சட்டைப் பைக்குள் கையை விட்டு, அயோடின் குப்பியை எடுத்து, மூடியைத் திருகினான்.

பொன்னுராஜ் குப்பியைப் பார்த்தார். எப்சியின் கைக்கு ஓர் அங்குலத்தில் டப்பா நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கி, மறுபடியும் அவர் முதுகுக்குப் பின்னால் போனது.

"செத்த இரு பாப்பா" என்றார். "வேற டப்பா கொண்டாரேன்."